சுண்ணாம்புப் பூச்சு: முதல் சுவரைப் பூசப் போகிறவர்களுக்கு

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும். சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். பூச்சு ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும், ஏன் இரண்டு மாதம் ஆகிறது, ஏன் மின்விசிறியைப் போடக்கூடாது, ஏன் மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கக்கூடாது என்பதற்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாகும். இந்தக் கடைசி மாற்றம் மேல்பரப்பிலிருந்து உள்ளே போகும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குக் காற்றும் வேண்டும், ஈரப்பதமும் வேண்டும். முற்றிலும் காய்ந்த சுவரிலும் நடக்காது, தண்ணீரில் ஊறிய சுவரிலும் நடக்காது.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சிமெண்ட் உலைக்கு 1,450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக் காளவாய்க்கு அவ்வளவு வேண்டாம். கல்லிலிருந்து வெளியேறிய வாயுவில் பெரும்பகுதியைச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் காளவாயில் எரித்த கரியின் புகை திரும்பி வராது. சேதமே இல்லாத பொருள் என்று சொல்ல முடியாது, குறைந்த சேதம் செய்யும் பொருள் என்று சொல்லலாம். உடல்நலமும் அப்படித்தான். சுண்ணாம்புப் பூச்சிலிருந்து பெயிண்ட் வாடை வராது. புதுப் பூச்சின் காரத்தன்மையில் பூஞ்சை பிடிக்காது. அறையில் ஈரம் கூடினால் கொஞ்சம் உள்வாங்கும், குறைந்தால் வெளியே விடும். ‘சுவர் மூச்சு விடும்’ என்று சொல்வது இந்த நீராவிப் போக்குவரத்தைத்தான். காற்று சுவர் வழியே வந்து போவதில்லை. அறை குளிர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எந்தச் சுவருக்குப் பொருந்தும்

செங்கல், மண்கல், கருங்கல் சுவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். களிமண் அல்லது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு இல்லை. கான்கிரீட் தூணும் பீமும் வழவழப்பானவை, தண்ணீரை அதிகம் உறிஞ்சாதவை. கொத்திவிட்டுச் சொரசொரப்பாக்காமல் அங்கே பூசினால் பாளமாகக் கழன்று வரும். ஏற்கெனவே சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்த சுவரின் மேல் இதைப் பூச ஆசைப்படாதீர்கள். பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை எடுத்தால்தான் முடியும்.

சுவரில் ஈரம் ஏறுகிறதென்றால் முதலில் காரணத்தைப் பாருங்கள். மாடியில் ஒழுக்கு, குழாயில் கசிவு, வெளியே தரைமட்டம் உயர்ந்து கிடப்பது என்று ஏதாவது இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியேற விடுமே தவிர, ஒழுக்கைச் சரிசெய்யாது.

குளியலறையில் தண்ணீர் நேரே படும் இடம், சமையலறைத் தொட்டிக்குப் பின்னால், இவை இரண்டும் முதல் முயற்சிக்கு உகந்தவை அல்ல. படுக்கையறையில் ஒரு உள்சுவரில் தொடங்குங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் தை, மாசி மாதங்கள் வசதி. கத்திரி வெயிலும், ஆனி ஆடிக் காற்றும் பூச்சைப் பச்சையாகவே உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்வேலை செய்யலாம், இறுக நாளாகும். வெளிச்சுவரை அப்போது தொடக்கூடாது.

சுண்ணாம்பு வாங்குவது

இரண்டு வகை கிடைக்கும். ஒன்று கல் சுண்ணாம்பு. விருதுநகர், சங்ககிரி, திருநெல்வேலிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டது. மற்றொன்று கடலோரத்தில் சுடும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சல் தூய்மையானது, வெண்மையும் நயமும் கூடுதல். அதனால் கடைசிப் பூச்சுக்கு அதுவே நல்லது. அடிப்பூச்சுக்கு எதுவும் ஆகும். சுக்கான்கல்லிலிருந்து வரும் சுண்ணாம்பில் களிமண் கலந்திருப்பதால் அது தண்ணீரிலும் ஓரளவு இறுகும், நிறம் பழுப்பாக இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 712 கட்டடச் சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை பிரிக்கிறது. தூய சுண்ணாம்பு அதில் ‘சி’, சுக்கான்கல் ‘இ’. மக்னீசியம் கலந்த ‘டி’ வகையைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. அது மெதுவாக நீறுவதால், பூசி மாதங்கள் கழிந்த பிறகும் சுவரில் பொரியலாம்.

வாங்க வேண்டியது சுடச்சுட வந்த கட்டிச் சுண்ணாம்பு. கையில் எடுத்தால் அளவுக்குக் கனம் குறைவாக இருக்க வேண்டும். கனமான கட்டி என்றால் உள்ளே வேகாத கல் இருக்கிறது. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். எலுமிச்சை அளவுக் கட்டியை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குள் ‘உஸ்’ என்று சீறி, வெடித்து, பூப்போல விரிந்தால் சரக்கு நல்லது. சும்மா கிடந்தால் அது பழசு.

சாக்கில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளும் உண்டு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் கிடங்கில் கிடந்து ஏற்கெனவே பாதி கல்லாகியிருக்கலாம். ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சோடாபோல் நுரை பொங்கினால் அது சுண்ணாம்பாக இல்லை, சுண்ணாம்புக்கல் தூளாகிவிட்டது. சுவரில் ஒட்டும், இறுகாது.

நீற்றுவது

மிகவும் ஆபத்தான கட்டம் இதுதான். தண்ணீர் கொதிக்கும், தெறிக்கும். கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். குழந்தைகள், கோழி, நாய் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவி, கண் மருத்துவரிடம் போக வேண்டும். எலுமிச்சை, வினிகர் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். வாங்கிய கட்டியை நீற்றும் நாள்வரை நனையாமல் வையுங்கள். ஈரம் பட்ட சாக்கு சூடேறிக் கிழியும், பக்கத்தில் விறகோ வைக்கோலோ இருந்தால் தீப்பிடிக்கலாம்.

200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். 1 கிலோ சுண்ணாம்புக்கு 3 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. ஒரு தடவைக்கு 20 கிலோவுக்கு மேல் போடாதீர்கள்.

முதலில் டிரம்மில் 60 லிட்டர் தண்ணீர். பிறகு கட்டிகளை முஷ்டி அளவுக்கு உடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. நீளக் கைப்பிடி வைத்த மண்வெட்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். எந்தக் கட்டியும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டக் கூடாது. அப்படி நீட்டிய பகுதி தண்ணீர் போதாமல் வெந்து மணல்மணலாகிவிடும், பிறகு எவ்வளவு ஊறினாலும் இளகாது. கொதி மிஞ்சினால் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் விட்டுத் தணியுங்கள். கொதியே வரவில்லையென்றால் தண்ணீர் அதிகமாகவோ சரக்கு பழசாகவோ இருக்கிறது.

கொதி அடங்கி ஓரிரு மணி நேரம் கழித்து, பால்போல் இருக்கும்போதே 2 மில்லிமீட்டர் சல்லடையில் வடிகட்டி இன்னொரு டிரம்முக்கோ, செங்கல் வைத்துக் கட்டிய குழிக்கோ மாற்றுங்கள். சல்லடையில் தங்கும் கல்லை எறிந்துவிடுங்கள். அதைக் கையால் நசுக்கி மறுபடி போடுவது சிக்கனமாகத் தோன்றும். சுவரில் பின்னால் பொரியப்போவது அதுதான்.

இனி மூடிவைக்க வேண்டும். மேலே எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கட்டும். அடிப்பூச்சுக்குக் குறைந்தது ஒரு மாதம், கடைசிப் பூச்சுக்கு மூன்று மாதம் ஊறினால் நல்லது. நாளாக ஆகக் களிம்பு, அதாவது இப்படி ஊறிக் கெட்டியான சுண்ணாம்பு, நயமாகும், கெடாது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எப்படி இருக்குமோ அந்தப் பக்குவம் வரும். கரணையில் அள்ளிக் கவிழ்த்தால் உடனே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் சுண்ணாம்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். பிறகு சுவரை நனைக்க உதவும்.

மணல், சுர்க்கி, கடுக்காய்

பூச்சில் சுண்ணாம்பு பசை, மணல்தான் உடம்பு. மணல் பருமனும் பொடியும் கலந்து, விரலிடுக்கில் தேய்த்தால் கறகறவென்று இருக்க வேண்டும். ஆற்று மணல் கிடைப்பது அரிது. பி சாண்ட், அதாவது பூச்சு வேலைக்கென்று கல்லை அரைத்த பொடிமணல், மட்டும் போட்டால் அடிப்பூச்சுக்கு மிக நைசாக இருக்கும், வெடிக்கும். பி சாண்ட் பாதி, அதைவிடப் பருமனான எம் சாண்டைக் கழுவிப் பாதி என்று கலந்தால் சரியாக வரும். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கூடவே கூடாது. வண்டல் எவ்வளவு என்று பார்க்க, கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணலும் மேலே உப்பு கரைத்த தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணலின் உயரத்தில் 100க்கு 8க்கு மேல் இருந்தால் கழுவ வேண்டும்.

தூய சுண்ணாம்பு ஈரமான இடத்தில் இறுகத் தடுமாறும். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறும் சுவரென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் சுர்க்கி சேர்க்கலாம். சுர்க்கி என்பது செங்கல் தூள்தான். ஆனால் அளவாகச் சுட்ட, சற்றே வேக்காடு குறைந்த செங்கல்லாக இருக்க வேண்டும். கருகி உருகிய கல்லைத் தூளாக்கினால் அது வெறும் சிவப்பு மணல், சுண்ணாம்போடு சேராது.

கடுக்காயும் வெல்லமும் இங்கே தலைமுறைகளாகச் சேர்த்து வருபவை. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை மேலும் கரைய வைத்துக் கலவையை இழுவையாக்கும், இறுகுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். கடுக்காயின் துவர்ப்பு கலவைக்குப் பிடிப்புக் கொடுக்கும். கீழே சொல்லும் அளவுக்கு 1 கிலோ கடுக்காயும் 1 கிலோ வெல்லமும் 10 லிட்டர் தண்ணீரில் போட்டு நான்கு நாள் புளிக்க வைத்து வடிகட்டிக்கொள்ளலாம். கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்பது மருந்துக்கு, கட்டடத்துக்கு அந்தக் கவலை இல்லை, கொட்டையோடு இடிக்கலாம். ஊறவைக்கப் பிளாஸ்டிக் டிரம். இரும்பில் ஊறவைத்தால் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மை மாதிரிக் கறுத்துவிடும். நீற்ற இரும்பு, ஊறவைக்கப் பிளாஸ்டிக், மாற்றிவிடாதீர்கள். வெல்லம் கூடினால் இன்னும் நல்லது என்று இரட்டிப்பாக்கினால் பூச்சு வாரக்கணக்கில் குழைந்தே கிடக்கும். கடைசி வெள்ளைப் பூச்சில் இந்தத் தண்ணீர் வேண்டாம், பழுப்புக் கறை படியும். இவை இல்லாமலும் நல்ல பூச்சு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோசமான சுண்ணாம்பைக் கடுக்காய் காப்பாற்றாது.

100 சதுர அடிக்கு எவ்வளவு

பத்தடிக்குப் பத்தடிச் சுவர் ஒன்றுக்கு, சேதாரம் சேர்த்த கணக்கு:

அடிப்பூச்சு 12 மி.மீ.: களிம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. மணல் 5 கன அடி, களிம்பு 47 லிட்டர்.
இரண்டாம் பூச்சு 6 மி.மீ.: களிம்பு 1, மணல் இரண்டரை. மணல் இரண்டே கால் கன அடி, களிம்பு 25 லிட்டர்.
கடைசிப் பூச்சு 2 முதல் 3 மி.மீ.: களிம்பு 1, பளிங்குக்கல் தூள் 1. இரண்டும் தலா 20 லிட்டர்.
வெள்ளையடிக்க: களிம்பு 5 முதல் 8 லிட்டர்.

ஆக, 100 லிட்டர் களிம்பு. 1 கிலோ நல்ல கட்டிச் சுண்ணாம்பு சுமார் 2 லிட்டர் களிம்பு தரும். வேகாத கல்லுக்குக் கழிவு வைத்து 60 கிலோ வாங்குங்கள், அதாவது மூன்று தடவை நீற்ற வேண்டும். சுர்க்கி சேர்க்கும் பகுதிக்கு மட்டும் விகிதம் வேறு: சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2.

மணல் மூன்று பங்கு என்பது யாரோ வைத்த சடங்கு அல்ல. மணல் துகள்களுக்கு இடையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைக் களிம்பு நிரப்பினால் போதும். உங்கள் மணலுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, காய்ந்த மணலை ஒரு லிட்டர் டம்ளரில் நிரப்பி, தளும்பும்வரை தண்ணீர் விட்டு அளந்து பாருங்கள். 350 மில்லி இறங்கினால் ஒரு லிட்டர் மணலுக்கு 350 மில்லி களிம்பு.

கலவை

சிமெண்டில் பழகிய கை இங்கேதான் முதலில் தவறும். களிம்பையும் மணலையும் சேர்த்ததும் கலவை வறண்டு, பிசிறிப் பிசிறி நிற்கும். ‘தண்ணி பத்தல’ என்று வாளியைத் தூக்குவார்கள். ஊற்ற விடாதீர்கள். தேவையான தண்ணீர் களிம்பிலேயே இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மண்வெட்டியால் வெட்டி, மிதித்து, கட்டையால் குத்திக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே இளகிப் பளபளக்கும். முன்பு மாடு பூட்டிச் செக்கில் அரைத்தது இதற்குத்தான். அதற்குப் பிறகும் இறுக்கமாக இருந்தால் கடுக்காய்த் தண்ணீரைக் கைப்பிடி கைப்பிடியாகத் தெளிக்கலாம். தண்ணீர் கூடிய ஒவ்வொரு லிட்டரும் காயும்போது வெளியேறி, அந்த இடம் சுருங்கி, கீறலாக வந்து நிற்கும்.

கான்கிரீட் கலக்கும் உருளை இயந்திரத்தில் இது உருண்டை உருண்டையாகத் திரளும். அரைக்கும் உருளை வைத்த தட்டு இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் காலே போதும், பூட்ஸோடு.

அடிப்பூச்சுக் கலவையில் 2, 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய தேங்காய் நார் அல்லது சணலை ஒரு பாண்டுச் சட்டிக்கு ஒரு பிடி உதிர்த்துப் போட்டால் கீறல் குறையும். கலந்ததை ஈரச் சாக்கால் மூடி ஓர் இரவு வைத்து, காலையில் மறுபடி குத்திப் பூசினால் கை நன்றாக ஓடும். சுர்க்கி சேர்த்த கலவையை மட்டும் அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

அப்புறம், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: ‘ஒரு சட்டி சிமெண்ட் போட்டுக்கலாம் சார், அப்பத்தான் புடிக்கும்.’ வேண்டாம். கொஞ்சமாகச் சிமெண்ட் சேர்த்த கலவை முதல் வாரம் கல்போல் தெரியும். அந்த அளவுச் சிமெண்ட் தானும் வலுவாக இறுகாது, சுண்ணாம்பையும் தன்போக்கில் இறுக விடாது.

சுவரைத் தயார் செய்வது

செங்கல் இணைப்புகளைப் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள், பூச்சுக்கு அதுவே பல். கரி, எண்ணெய், பழைய பெயிண்ட், பாசி எல்லாம் போக வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மின்குழாய்க்குக் காடி எடுப்பதாக இருந்தால் இப்போதே எடுத்து, சுண்ணாம்புக் கலவையாலேயே அடைத்துவிடுங்கள். சிமெண்டால் அடைத்தால் அந்தக் கோடு எல்லாப் பூச்சையும் தாண்டித் தெரியும், ஏனென்றால் சிமெண்ட் இருக்கும் இடம் மட்டும் தண்ணீரை வேறு வேகத்தில் உறிஞ்சும்.

முந்திய இரவு சுவரை நன்றாக நனையுங்கள். காலையில் மறுபடி ஒரு முறை. பூசும் நேரத்தில் சுவர் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் மினுக்கக் கூடாது. உள்ளங்கை நீரை வீசிப் பார்த்தால் வழிந்தோடாமல், அதே சமயம் கண்ணிமைப்பதற்குள் மறையாமல், மெதுவாக உள்ளே போக வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரைப் பறித்துக்கொள்ளும். பிறகு பூச்சைத் தட்டினால் ‘டொக்டொக்’ என்று பொள்ளல் சத்தம் வரும்.

அடிப்பூச்சு

தூக்குக் குண்டும் மட்டப்பலகையும் வைத்து, ஆறடிக்கு ஒன்றாக 12 மி.மீ. கனத்தில் கலவைத் திட்டுகளை மட்ட அடையாளமாக வையுங்கள். சுவரில் பெரிய பள்ளம் இருந்தால் முந்தின நாளே தனியாக நிரப்பிவிட வேண்டும், ஒரே பூச்சில் 20, 25 மி.மீ. ஏற்றக்கூடாது. கனமான பூச்சில் வெளித்தோல் இறுகும், உள்ளே வருடக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும்.

கலவையைக் கரணையால் வீசி அடியுங்கள், தடவாதீர்கள். வீச்சில்தான் இணைப்புகளுக்குள் கலவை புகும். இடையில் சிக்கிய காற்றும் வெளியேறும். மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள், ஒரு சுவரை ஒரே நாளில் முடியுங்கள். மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால், அதாவது மரத் தேய்ப்புப் பலகையால், லேசாகத் தேய்த்து விட்டுவிடுங்கள்.

வேலை முடியவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மயிரிழைக் கீறல்கள் வரும். பயப்பட வேண்டாம். தண்ணீரை மெலிதாகத் தெளித்து, மணியாசுக் கட்டையை அழுத்திச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கீறல் மூடும், பூச்சும் இறுகி அடர்த்தியாகும். பழைய மெட்ராஸ் மொட்டைமாடித் தளத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டியதும் இதே காரணத்துக்குத்தான். கட்டைவிரல் நகம் பதிந்தாலும் விரல் அமுங்காத நிலை வந்ததும், ஆணி அடித்த பலகையால் 3 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். அடுத்த பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழு நாள் பூச்சு உலராமல் காக்க வேண்டும். ஹோஸ் வைத்து அடித்தால் சுண்ணாம்பு கரைந்து வரும். செடிக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பான் போதும், காலையிலும் மாலையிலும். வெயில் படும் ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கட்டும், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. மின்விசிறி, ஏ.சி. இரண்டும் நிற்கட்டும். கதவைச் சிறிது திறந்து வையுங்கள், காற்று நுழைய வேண்டும், அடிக்கக்கூடாது.

இரண்டாவதும் கடைசியும்

பத்து முதல் பதினான்கு நாள் கழித்து, புதுக் கீறல் வருவது நின்றதும், சுவரை நனைத்து இரண்டாம் பூச்சு. முறை அதேதான், சுவரின் நேர்த்தி இதில்தான் கிடைக்கிறது. இதையும் மரக்கட்டையால் முடியுங்கள். இரும்புக் கரணையால் வழவழப்பாக்கினால் கடைசிப் பூச்சு வழுக்கி விழும். மேலும் ஒரு வாரம் ஈரம் காட்டுங்கள்.

கடைசிப் பூச்சுக்கு மூன்று மாதம் ஊறிய களிம்பை நைலான் துணியில் வடித்து எடுங்கள். பளிங்குக்கல் தூளோடு வெண்ணெய்போலக் குழைத்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாமல் இரண்டு முறை இழுங்கள். முதல் இழுப்பு தண்ணீர் மினுமினுப்பு இழந்து தோல்போல் ஆனதும் இரண்டாவது. அதற்குப் பிறகே இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். எப்போது தொடங்குவது என்பதுதான் சூட்சுமம். கரணையை வைத்து இழுத்தால் ஈரக் குழம்பு கரணையோடு வந்தால் இன்னும் நேரமாகவில்லை. கறுப்புக் கோடு விழுந்தால் நேரம் தாண்டிவிட்டது. நடுவில் ஓர் அரை மணி இருக்கும், அப்போது அழுத்தினால் சுவர் தானே மினுங்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் முகம் தெரியப் பளபளக்கும் சுவர் இதன் நீட்சி. அங்கே சுண்ணாம்பை அம்மியில் சந்தனமாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பல மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். காரைக்குடிப் பக்கத்தில் அம்மிக்குப் பதில் கிரைண்டர் வந்துவிட்டது, தேய்க்கும் கைக்கு மாற்று வரவில்லை. முதல் சுவரில் அதை முயல வேண்டாம். அந்தக் கைகாரரை வைத்துச் செய்வதுதான் மலிவு.

வெள்ளையும் நிறமும்

கடைசிப் பூச்சைத் தேய்த்து மினுக்கியிருந்தால் வெள்ளையடிக்கத் தேவையில்லை. இரண்டாம் பூச்சோடு நிறுத்தியவர்கள் வெள்ளையடிக்கலாம். களிம்பு 1 பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு, நீர்த்த பால்போல. சுவரை நனைத்து, நார்ப் பிரஷால் குறுக்கும் நெடுக்குமாக, ஒரு நாளுக்கு ஒன்றாக நான்கு கை. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, கண்ணாடிபோல இருக்கும். காய்ந்தபின் வெளுக்கும். தெரியவில்லையே என்று கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உரியும். நிறத்துக்குக் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். களிம்பு எடையில் 100க்கு 5 போதும், அதற்கு மேல் போனால் கையில் ஒட்டும்.

கெட்டால் எங்கே பார்ப்பது

சுவரில் சிறுசிறு குழியாகப் பொரிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நீறாத துகள் கலந்திருக்கிறது. சல்லடையும் ஊறவைத்த நாளும்தான் காரணம். புள்ளியைத் தோண்டி எடுத்து, நனைத்து, களிம்பால் அடைக்கலாம். வலைபோல் நுண்கீறல் வந்தால் களிம்பு மிகுதி அல்லது இரும்புக் கரணையை முந்திப் போட்டிருக்கிறார்கள். நீளமான கீறல் என்றால் பூச்சு கனம் அல்லது அடியில் கான்கிரீட்டும் செங்கல்லும் சந்திக்கும் இடம்.

தடவினால் மாவாக உதிர்கிறதா? பூச்சு கல்லாகும் முன் காய்ந்துவிட்டது. இதுதான் நம் ஊர் வெயிலில் அதிகம் நடப்பது. மேலோட்டமாக இருந்தால் சேமித்த சுண்ணாம்புத் தண்ணீரை நாளுக்கு இருமுறை பத்து நாள் தெளித்தால் ஓரளவு பிடிக்கும். ஆழமாக உதிர்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவதே வழி. தரையோரம் வெண்பஞ்சு மாதிரி உப்புப் பூத்தால் தண்ணீர், மணல், அடித்தளம் மூன்றில் ஒன்றில் உப்பு இருக்கிறது. காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

எமல்ஷன் பெயிண்ட், வால் புட்டி, பிரைமர் எதையும் இதன்மேல் ஏற்றாதீர்கள். நீராவி வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கட்டும். துடைக்கும்போது அமிலம் கலந்த எந்தத் திரவமும் ஆகாது, வினிகர்கூட அந்த இடத்தை அரித்துக் காட்டும்.

பூச்சு உள்ளே எவ்வளவு தூரம் கல்லாகியிருக்கிறது என்று பார்க்க ஆய்வகம் போக வேண்டாம். கதவுக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் சிறு சில்லு பெயர்த்து, உடைந்த முகத்தில் மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தித் தட்டில் நடப்பதுதான் இங்கும் நடக்கும். சிவந்த பகுதி இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கிறது. மஞ்சளாகவே நின்ற விளிம்பு கல்லாகிவிட்டது. விளிம்பு 2 மி.மீ. வந்த பிறகு கட்டிலைச் சுவரோடு ஒட்டலாம், ஆணி அடிப்பதானால் சுத்தியல் வேண்டாம், மெதுவாகத் துளையிட்டுத் திருகாணி போடுங்கள்.

மிஞ்சிய களிம்பை எறியாதீர்கள். மூடியுள்ள வாளியில் போட்டு, மேலே தண்ணீர் நிற்க வைத்து, தேதி எழுதி நிழலில் வையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு கீறலை அடைக்கும்போது, இன்று கலந்ததைவிட அது நயமாக இருக்கும்.